ஆன்ஃபீல்டு: நின்ற கூட்டமும் உட்கார்ந்த கூட்டமும்

லிவர்பூல் கால்பந்து கிளப் பிறந்ததே ஒரு வாடகைத் தகராறில்தான்.

இடத்துக்காரர் பெயர் ஜான் ஹோல்டிங். மதுபான ஆலை முதலாளி, கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரமுகர், பின்னாளில் லிவர்பூல் நகர மேயர். வாடகைக்கு இருந்தவர்கள் எவர்ட்டன் அணியினர். ஆமாம், இன்று லிவர்பூலுக்கு ஜென்மப் பகையாளியான அதே எவர்ட்டன்தான். 1884 முதல் ஆன்ஃபீல்டு மைதானத்தில் அவர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1891இல் லீக் பட்டம் வென்றதும் அங்கே இருந்தபோதுதான். அணி வளர வளர ஹோல்டிங் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். வருடத்துக்கு 100 பவுண்டில் தொடங்கியது 250 ஆனது. மைதானத்தில் தன் ஆலை பீரைத்தான் விற்கவேண்டும் என்றார். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுவதும் பக்கத்திலிருந்த அவருடைய சாண்டன் ஹோட்டலில்தான். எவர்ட்டனோ மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றிலிருந்து முளைத்த அணி. அதன் நிர்வாகத்தில் மதுவுக்கு எதிரானவர்களும் இருந்தார்கள். 1892இல் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய், கூடிசன் பார்க் என்று சொந்தமாக மைதானம் போட்டுக்கொண்டார்கள்.

ஹோல்டிங்கிடம் மைதானம் மிஞ்சியது, ஆட ஆள் இல்லை. எவர்ட்டன் என்ற பெயரையாவது பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். கால்பந்துச் சங்கம் விடவில்லை. புதிதாக அணி சேர்த்து லிவர்பூல் என்று பெயர் வைத்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஆள் பிடித்து வந்ததால் 'மேக்' என்று தொடங்கும் பெயர்களே அதிகம். 'மேக்குகளின் அணி' என்று பட்டப்பெயர் விழுந்தது. போட்டுக்கொண்ட சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்புக்கு மாறியது நான்கு வருடம் கழித்து. ஆன்ஃபீல்டில் முதலில் லீக் சாம்பியன் ஆனது எவர்ட்டன், லிவர்பூல் முதலில் போட்டது நீலச் சட்டை: இந்த இரண்டையும் இன்றைய லிவர்பூல் ரசிகரிடம் ஒரே மூச்சில் சொல்லாமல் இருப்பது நல்லது.

இந்தக் கிளப்பின் சரித்திரத்தைக் கோப்பைக் கணக்காகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். 20 லீக் பட்டம், 6 ஐரோப்பியக் கோப்பை என்று அடுக்கினால் கணக்கு நேர்தான். ஆனால் எனக்கு அது கடைசிவரை வாடகைக் கணக்காகவே படுகிறது. இந்த மண் யாருடையது, அதற்குள் நிற்க எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற பழைய தகராறு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மைதானத்தின் தென்கோடியில் இருக்கும் 'கொப்'பிலிருந்து தொடங்கலாம்.

1906இல், இரண்டாவது லீக் பட்டம் வென்ற கையோடு, சாம்பலும் சரளையும் கொட்டி ஒரு பெரிய மேடு எழுப்பி ரசிகர்கள் நிற்கப் படிகள் வெட்டினார்கள். அதற்கு 'ஸ்பியன் கொப்' என்று பெயரிட்டவர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர். தென்னாப்பிரிக்காவில் நாட்டால் பகுதியில் இருக்கும் ஒரு குன்றின் பெயர் அது. 1900 ஜனவரியில் அந்தக் குன்றின் உச்சியில் போயர்களிடம் பிரிட்டிஷ் படை செமத்தியாக அடி வாங்கியது. செத்தவர்களில் நிறையப் பேர் அன்று லிவர்பூல் இருந்த லங்காஷயர் வட்டாரத்துப் படைப்பிரிவினர். ஊருக்குத் திரும்பாத பையன்களின் நினைவாகத்தான் மேட்டுக்கு அந்தப் பெயர். நமக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் நாட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் இருந்தார்கள். படையைத் திரட்டியவர் அப்போது அங்கே வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்த காந்தி. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். நாட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். லிவர்பூல் ரசிகர் கூட்டத்துக்கே பெயர் தந்த அந்தக் குன்றில் தமிழ்த் தோள்களும் பாரம் சுமந்திருக்கும்.

1928இல் கொப்புக்குக் கூரை போட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 30,000 பேர் நிற்கலாம். நிற்கலாம் என்றால் நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் நிற்பதைப் போல. முன்வரிசையில் ஒருவர் எம்பினால் பின்னால் பத்து வரிசை சரியும். கால் தரையில் படாமலே நாலு படி கீழே போய் நின்றவர்கள் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டவர் கழிவறைக்குப் போவது நடக்காத காரியம். அதனால் கையிலிருக்கும் 'லிவர்பூல் எக்கோ' மாலைப் பத்திரிகையைக் குழலாகச் சுருட்டி அங்கேயே முடித்துக்கொள்வார்கள். முன்னால் நிற்பவருக்குக் கால்சட்டைப் பின்பை சூடாகும்போதுதான் விஷயம் தெரியும். சிறுவர்களுக்கு மூலையில் கம்பி வேலி போட்டு ஒரு தனிப் பட்டி. அதிலிருந்து ஏறிக் குதித்து பெரியவர்கள் கூட்டத்துக்குள் மறைவது அந்த வயதில் ஒரு வீர சாகசம்.

அந்தக் கூட்டம் பாடவும் செய்தது. 1964 ஏப்ரலில் ஆர்சனலை 5-0 என்று வீழ்த்தி லீக் பட்டம் வென்ற அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி கேமராவைக் கொப்பின் பக்கம் திருப்பியது. கோட்டும் டையுமாக ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் பீட்டில்ஸ் பாட்டைச் சேர்ந்திசையாகப் பாடிக்கொண்டு, அலையாக ஆடினார்கள். அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. இன்று உலகமே இந்தக் கிளப்போடு சேர்த்துச் சொல்லும் 'யூ'ல் நெவர் வாக் அலோன்' பாட்டுக்கும் ஆதியில் கால்பந்தோடு சம்பந்தமே இல்லை. 1945இல் வந்த ஓர் அமெரிக்க நாடகத்துப் பாட்டு அது. லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழு 1963இல் பாடி ஹிட்டாக்கியது. கொப் அதைச் சுவீகரித்துக்கொண்டது.

அந்த 1964 பட்டத்துக்கு ஐந்து வருடம் முன்னால் அணி கிடந்த கிடப்பைப் பார்த்தவர் யாரும் இதையெல்லாம் நம்பியிருக்கமாட்டார்கள். இரண்டாம் டிவிஷனில் உழன்றுகொண்டிருந்தது. 1959 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் லீக்கிலேயே இல்லாத வொர்செஸ்டர் சிட்டி என்ற குட்டி அணியிடம் தோற்றது. அந்த வருடக் கடைசியில் வந்து சேர்ந்தவர் பில் ஷாங்க்லி. ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்துக்காரர். பள்ளியை விட்டதும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அண்ணன் தம்பி ஐந்து பேரும் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர்கள். வந்து ஆடிய முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், கார்டிஃபிடம் 0-4 என்று தோல்வி. அதற்கப்புறம்தான் மனுஷன் வேலையை ஆரம்பித்தார்.

ஷாங்க்லி சொன்னதாகச் சட்டையிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கும் வசனங்களை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அவர் செய்ததில் இரண்டைச் சொல்கிறேன். ரசிகர்களிடமிருந்து வரும் கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டரில் உட்கார்ந்து பதில் அடித்தார். ஏற்கெனவே கிளப்பில் இருந்த பழைய உதவியாளர்களை, புது மேனேஜர்கள் வழக்கமாகச் செய்வது போல வீட்டுக்கு அனுப்பவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகிய மூவரையும் கூடவே வைத்துக்கொண்டார். இந்த இரண்டாவது முடிவுதான் அடுத்த கால் நூற்றாண்டின் அஸ்திவாரம்.

அவர்கள் கூடுகிற இடம் 'பூட் ரூம்'. ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களைக் கொக்கியில் மாட்டி வைக்கும் ஒரு சின்ன அறை. உட்கார பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். பயிற்சி முடிந்ததும் டீயோ விஸ்கியோ கையில் வைத்துக்கொண்டு பேச்சு: எவனுக்கு முழங்கால் சரியில்லை, எவனுக்கு வீட்டில் பிரச்சினை, எதிரணியின் இடதுபக்க ஆள் எந்தக் காலில் திரும்புவான். ஒவ்வொரு நாள் பயிற்சியும் நோட்டுப் புத்தகத்தில் பதிவாகும். ஆட்டம் முடிந்ததும் எதிரணி மேனேஜரையும் ஒரு கிளாஸுக்குக் கூப்பிட்டு, அவர் வாயைக் கிளறி வேண்டியதைக் கறந்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

1974இல் ஷாங்க்லி திடீரென்று விலக, மேனேஜர் நாற்காலியில் பெய்ஸ்லி உட்கார்ந்தார். கொத்தனார் வேலை பழகியவர், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர், பேச்சில் கூச்சம். ஒன்பது வருடத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. முதல் ஐரோப்பியக் கோப்பை 1977இல் ரோம் நகரில். அதற்கு 33 வருடம் முன்னால் அதே ரோமுக்குள் வெற்றி பெற்ற நேச நாட்டுப் படையோடு நுழைந்தவர் அவர். அவருக்குப் பின் ஃபேகன் வந்து 1984இல் ஒரே சீசனில் மூன்று கோப்பை எடுத்தார். அடுத்து கென்னி டால்கிளிஷ், ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் ஒரே நேரத்தில். 1990இல் வந்தது 18ஆவது லீக் பட்டம். மான்செஸ்டர் யுனைடெட் அப்போது 7இல் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பூட் ரூமை 1993இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு அறை வேண்டியிருந்தது.

பின்னாளில் அதே வேலையை யார் செய்தார்கள்? 2012இல் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக வந்த இயன் கிரஹாம், கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எந்த ஆட்டக்காரரை எவ்வளவு கொடுத்து வாங்கலாம் என்று அவருடைய கணினி மாதிரிகள் சொல்லின. அப்போதைய மேனேஜர் யுர்கன் க்ளோப் 2018இல் பந்தைக் கையால் எறிவதற்கென்றே தாமஸ் கிரோனெமார்க் என்ற தனிப் பயிற்சியாளரை அமர்த்தியபோது டிவி விமர்சகர்கள் சிரித்தார்கள். அடுத்த வருடமே ஐரோப்பியக் கோப்பை, அதற்கடுத்த வருடம் 99 புள்ளிகளோடு லீக். ஷாங்க்லி காலத்தில் ஆன்ஃபீல்டில் உடை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி மெல்வுட் பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள். இப்போது கிர்க்பியில் 5 கோடி பவுண்டு செலவில் பயிற்சி மையம். ஆனால் ஒன்று, நோட்டுப் புத்தகத்துக்கும் கணினிக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டுமே மற்றவர்கள் பார்க்காததைக் குறித்துவைக்கும் பழக்கம்தான். 2019இல் பார்சிலோனாவை ஆன்ஃபீல்டில் 4-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில், எதிரணி நடுவரோடு வாக்குவாதம் செய்து கவனம் சிதறும் அணி என்று முன்கூட்டியே கவனித்து, எல்லைக்கோட்டில் நிற்கும் பந்து எடுத்துத் தரும் சிறுவர்களிடம் பந்தை உடனே போடச் சொல்லி வைத்திருந்தார்கள். நாலாவது கோல் அப்படி விழுந்ததுதான். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் கார்னர் அடித்தாகிவிட்டது. ஷாங்க்லி இருந்திருந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு முதுகில் தட்டியிருப்பார்.

வெற்றிக் காலத்தின் நடுவிலேயே இரண்டு சாவு வீடுகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

1985 மே 29. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹைசல் மைதானம், யுவென்டஸோடு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். லிவர்பூல் ரசிகர்கள் வேலியைத் தாண்டிப் பாய்ந்தார்கள். தப்பிக்க ஓடிய கூட்டம் நெருக்கியதில் சுவர் இடிந்தது. 39 பேர் பலி, பெரும்பாலோர் இத்தாலியர்கள். மைதானம் பாழடைந்திருந்தது, ஏற்பாடுகள் மோசம் என்பதெல்லாம் உண்மை. பாய்ந்தவர்கள் லிவர்பூல் ரசிகர்கள் என்பதும் உண்மை. ஆங்கிலேய கிளப்புகள் எல்லாம் ஐந்து வருடம் ஐரோப்பாவில் ஆட முடியாமல் போனது. லிவர்பூலுக்கு ஆறு வருடம்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் ஏற, போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. முன்னால் இரும்புவேலி. நின்றபடியே மூச்சுமுட்டிச் செத்தார்கள். ஆட்டத்தை நிறுத்தியபோது மணி 3.06. இறந்தவர்கள் தொகை இன்று 97. கடைசியாக ஒருவர் 32 வருடம் அந்த நாளின் காயத்தோடு படுத்திருந்து 2021இல் இறந்தார். மிகச் சிறியவனுக்கு வயது பத்து. பின்னாளில் லிவர்பூல் கேப்டனான ஸ்டீவன் ஜெரார்டுக்கு உறவுப் பையன் அவன்.

ரசிகர்கள்தான் கதவை உடைத்தார்கள் என்று அன்று மாலையே போலீஸ் தரப்பில் பொய் கிளம்பியது. நாலு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை அதற்குமேல் போய், ரசிகர்கள் பிணத்திடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. 2012இல் சுயேச்சைக் குழு ஒன்று ஆவணங்களைத் திறந்து பார்த்தபோது 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. 2016 ஏப்ரலில், இருபத்தேழு வருடம் கழித்து, ஜூரி தீர்ப்புச் சொன்னது: அது விபத்தல்ல, சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் தவறில்லை. அந்த இருபத்தேழு வருடமும் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களும் அப்பாக்களும்தான். தீர்ப்பைக் கேட்காமலே அவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 'தி சன்' விற்காத கடைகள் லிவர்பூலில் இன்றும் உண்டு.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி டெய்லர் கொடுத்த அறிக்கைதான் ஆங்கிலக் கால்பந்தை உட்காரவைத்தது. பெரிய மைதானங்களில் இனி எல்லாருக்கும் நாற்காலி. 1994 ஏப்ரல் 30, கொப் கடைசியாக நின்ற நாள். நாரிச் அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அன்று ஸ்கோரை யாரும் பொருட்படுத்தவில்லை. மேட்டைப் பெயர்த்துவிட்டுக் கட்டிய புதுக் கொப்பில் சுமார் 12,400 இருக்கைகள். உயிருக்கு ஆபத்தில்லை, குழந்தையைக் கூட்டிப்போகலாம், கால்சட்டைப் பையும் நனையாது. ஆனால் நாற்காலிக்கு எண் உண்டு, எண்ணுக்கு விலை உண்டு. 1990இல் கொப்பில் நிற்க 4 பவுண்டு. நிற்கும் இடத்தை ஒழித்தது பாதுகாப்புக்காக. விலை எகிறியதற்கு அந்த 97 பேரின் சாவு காரணமல்ல. டெய்லர் அறிக்கையைக் காட்டி டிக்கெட் விலையை ஏற்றியவர்கள் டெய்லர் சொல்லாததைச் செய்தார்கள்.

கூட்டம் நின்ற காலத்தில் 18 பட்டம். உட்கார்ந்த பிறகு பட்டமே வரவில்லை என்று மூத்த ரசிகர்கள் நொந்துகொண்ட காலம் ஒன்றிருந்தது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கி டிவிப் பணம் கொட்டியபோது மான்செஸ்டர் யுனைடெட் தயாராக இருந்தது, லிவர்பூல் இல்லை. 2013க்குள் யுனைடெட் 20ஐத் தொட்டது. லிவர்பூல் 18லேயே. நடுவில் 2005 இஸ்தான்புல் மட்டும் ஒரு அதிசயம். இந்தியாவில் நள்ளிரவு 12.15க்குத் தொடங்கிய அந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது ஏசி மிலான் 3-0. இதற்குமேல் என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களில் நானும் ஒருவன். ஜெரார்டு, ஸ்மிட்சர், அலோன்சோ மூவரும் ஆறே நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பியதும், பெனால்டியில் கோப்பை வந்ததும் காலைப் பேப்பரில்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. இன்றுவரை அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் இடத்துக்காரரும் மாறிவிட்டார். 2007இல் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லட் என்று இரண்டு அமெரிக்கர்கள் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். 2008 ஜனவரியில் ரசிகர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள், பெயர் 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி'. கூடிய இடம் எது தெரியுமா? சாண்டன். ஹோல்டிங் தன் குடித்தனக்காரர்களை உடை மாற்றவைத்த அதே மதுக்கடை. கோர்ட்டு வரை போய் 2010இல் இன்னொரு அமெரிக்க நிறுவனம் 30 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. இன்று ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் என்று அழைக்கப்படும் இவர்கள் நிர்வாகம் தெரிந்தவர்கள். அதை மறுக்க முடியாது. 2023-24 சீசனில் வருமானம் 61.4 கோடி பவுண்டு. 1977இல் கெவின் கீகனை 5 லட்சம் பவுண்டுக்கு விற்று, டால்கிளிஷை 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கிய கிளப் இது. 2025இல் அலெக்சாண்டர் இசாக் என்ற ஒரே ஆளுக்குக் கொடுத்தது 12.5 கோடி.

2016 பிப்ரவரி 6ஆம் தேதியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். புது மெயின் ஸ்டாண்டில் அடுத்த சீசனுக்கு மிக விலையுயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அன்று சண்டர்லாந்தோடு ஆட்டம், லிவர்பூல் 2-0 முன்னணி. கடிகாரம் 77ஆவது நிமிடத்தைத் தொட்டது. கொப்பில் முதலில் ஒரு வரிசை எழுந்தது, பிறகு ஒரு பகுதி, பிறகு மற்ற ஸ்டாண்டுகள். சத்தம் போட்டு, பாட்டுப் பாடி, முதுகைக் காட்டி நடந்தார்கள். சுமார் 10,000 பேர். ஆளில்லாத சிவப்பு நாற்காலிகளுக்கு முன்னால் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை டிரா செய்தது. நாலே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை இறக்கினார்கள். 2021 ஏப்ரலில் ரசிகர்களைக் கேட்காமல் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேர்ந்தபோதும் இதே கதை: கொப்பில் கொடி கட்டும் ரசிகர்கள் தங்கள் கொடிகளை இறக்கப்போவதாக அறிவித்தார்கள், இரண்டு நாளில் திட்டம் மண்ணைக் கவ்வியது, ஃபென்வேயின் தலைமை உரிமையாளர் ஜான் ஹென்றி வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். 250 பவுண்டு வாடகைக்கு எவர்ட்டன்காரர்கள் மைதானத்தை விட்டே போனார்கள். 2016இல் லிவர்பூல் ரசிகர்கள் பதின்மூன்று நிமிடம் மட்டும் விட்டுக் காட்டினார்கள்.

எல்லா மாற்றமும் பணத்தால் வந்தது என்று சொன்னால் அநியாயம். லிவர்பூல் நகரின் டோக்ஸ்டெத்தில் பிறந்த ஹோவர்டு கெயில் 1980இல் களமிறங்கும்வரை, 88 வருடத்தில் ஒரு கறுப்பினத்தவர்கூட லிவர்பூல் முதல் அணியில் ஆடியதில்லை. பழமையான கறுப்பின மக்கள் குடியிருப்பு உள்ள நகரம், அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். 1988இல் எவர்ட்டன் மைதானத்தில் லிவர்பூலின் கறுப்பின ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸ் மேல் வாழைப்பழம் எறிந்தார்கள். அவர் அதைக் குதிகாலால் ஒதுக்கித் தள்ளும் புகைப்படம் இங்கிலாந்து முழுக்கத் தெரிந்தது. பின்னாளில் கொப்பின் செல்லப்பிள்ளை ஆனவர் முகமது சாலா, கோல் போட்டதும் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும் எகிப்தியர். அவர் வந்த பிறகு மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

30 வருடம் காத்திருந்து 2020இல் 19ஆவது பட்டம் வந்தபோது கொரோனா. காலியான கொப்பில் மேடை போட்டுக் கோப்பை கொடுத்தார்கள். க்ளோப்பின் கழுத்தில் பதக்கம் மாட்ட வந்தவர் 1990இல் மேனேஜராக இருந்த டால்கிளிஷ். கைதட்ட ஆளில்லை. 2025 ஏப்ரல் 27இல், புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட்டின் முதல் சீசனிலேயே, டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று 20ஆவது பட்டம். யுனைடெட்டோடு சமம். இந்த முறை கொப் நிரம்பியிருந்தது. கோல் போட்ட சாலா ரசிகர் பக்கம் ஓடி, ஒரு கைபேசியை வாங்கி, கொப் முழுக்கத் தெரிய செல்ஃபி எடுத்தார். படத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

1952இல் வுல்வ்ஸ் அணியோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டில் கூடிய கூட்டம் 61,905. இன்றுவரை அதுதான் சாதனை. இரண்டு ஸ்டாண்டுகளைப் பெரிதாக்கியபின் இப்போது இடம் 61,276. கூட்டத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். சுற்றியுள்ள ஊர்தான் சுருங்கிவிட்டது. 1931இல் எட்டரை லட்சம் பேர் இருந்த லிவர்பூலில் 2001இல் நாலரை லட்சம்கூட இல்லை. துறைமுக வேலை போனது, ஆட்களும் போனார்கள். ஸ்டேடியத்தை விரிவாக்குவதற்காக லோதேர் சாலையில் கிளப் வீடுகளை வாங்கி வருடக்கணக்கில் பூட்டிப்போட்டதில் அந்தத் தெருவே பாழாகிக் கிடந்தது. இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஆன்ஃபீல்டும் ஒன்று. லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் சேர்ந்து 2015இல் தொடங்கிய அமைப்பு ஒன்று ஆட்டத்தன்று மைதானத்துக்கு வெளியே உணவு வங்கிக்குப் பொருள் சேகரிக்கிறது. டின் உணவும் அரிசியும் பால்பவுடரும் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள் ரசிகர்கள். 2025இல் எவர்ட்டனின் ஆண்கள் அணி கூடிசன் பார்க்கையும் விட்டு ஆற்றங்கரைக்குக் குடிபோய்விட்டது. ஹோல்டிங்கின் மண்ணில் மட்டும் இன்னும் அதே கோடுகள்.

இங்கிலாந்தில் அறுபதுகளிலிருந்து ஒரு விதி உண்டு: சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை உள்நாட்டில் டிவியில் நேரலையாகக் காட்டக்கூடாது. சின்ன கிளப்புகளின் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக. ஆகவே மூன்று மணிக்கு லிவர்பூல் ஆடும் சனிக்கிழமையில், கொப்புக்குப் பின்னால் வால்ட்டன் பிரெக் சாலையில் டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் இருப்பவருக்கு, கோல் விழுந்தால் ஜன்னல் அதிர்வது கேட்கும், யார் போட்டது என்பதை ரேடியோதான் சொல்லும். அதே கோலை மதுரையில் இரவு எட்டு, எட்டரை மணிக்கு இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் கைபேசியில் நேரலையாகப் பார்த்துவிடுகிறான்.